புழுவெட்டை மறைத்த அம்மாவுக்கு

அம்மா,

இன்று காலை நாமக்கல்லில் டாக்டரம்மா என் பேத்தியின் தலையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தார். அந்த நெடி ஏறியதும் உன் சின்ன வெங்காயம் நினைவுக்கு வந்தது. பதினேழு வயதில் எனக்கு உச்சந்தலையில் ரூபாய்க்காசு அகலத்துக்கு முடி கொட்டியபோது, தோல் கன்றும்வரை நீ தேய்த்த வெங்காயம்.

இவளுக்கும் அதே புழுவெட்டு. மயிரிழை போன்ற ஊசியால், முடி போன இடம் முழுக்கத் தோலுக்கடியில் துளித்துளியாக மருந்து ஏற்றுகிறார்கள். "எறும்பு கடிச்ச மாதிரித்தான் அப்பத்தா," என்கிறாள். இன்று இரண்டாம் முறை. பூனைமுடி எட்டிப்பார்க்கிறது.

முதல் ஊசி போட்ட மூன்றாம் வாரம் பேரனுக்குக் கல்யாணம். உடன்பிறந்தவள் இணைச்சீருக்கு நிற்காமல் நம் பக்கம் தாலி ஏறுமா? அந்தச் சீரில் கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளை அண்ணனிடம், மறுமுனை தங்கையிடம். மருமகள்தான் தயங்கினாள்.

"பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க அத்தை? சவுரி வெச்சு மூடிக்கலாமுங்க."

"மொதல்ல உன்ற வாய மூடு," என்றேன்.

உன் பேச்சை இன்னொருத்தி வாயில் கேட்டுப் பொறுப்பேனா? என் அண்ணன் கல்யாணத்தன்று, "உன்ற மண்டையப் பாத்தா சம்பந்தம் நிக்குமா?" என்று என்னைத் தவிட்டு மூட்டை அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினாய். இணைச்சீருக்கு என் இடத்தில் சித்தி மகளை நிறுத்தினாய். நான் அழுதபோது, "உன்ற அண்ணனேதான் வேண்டாம்னுட்டான்" என்றாய். அதை நம்பி ஐம்பது வருஷம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நல்லது கெட்டதுக்குப் போவேன், கை நனைக்காமல் திரும்புவேன்.

பேத்தி தலையை மூடாமல் நின்றாள். பெண்வீட்டுக் கிழவி ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"தலையில என்ன கண்ணு?"

"புழுவெட்டுங்க. ஊசி போடறனுங்க."

"அதா? எங்க கொழுந்தனுக்குத் தாடியில இருந்துச்சு," என்றவள் காபி வந்ததா என்று பார்க்கப் போய்விட்டாள்.

அவ்வளவுதான் அம்மா. இந்த ஒரு கேள்விக்குப் பயந்தா என்னை அடைத்தாய்?

அப்போது என் அண்ணன் கோலூன்றி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏனம்மிணி, அன்னிக்கு நீயும் இப்புடி நின்னிருக்கலாமல்ல? பொண்ணு புடிக்கல, நிக்க மாட்டேன்னுட்டயாம். அம்மா சொல்லுச்சு. உன்னயக் கூப்புட நான் ரண்டு தடவ ஆளு உட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன், கதவைச் சாத்தியதிலிருந்து.

"செத்துப்போனவங்களப் போயி..." என்று இழுத்தார்.

"செத்தா என்னங்ணா? அந்தப் பொய்யி இன்னும் உசுரோட இருக்குதுங்களே."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நீ இருந்தவரை என்னால் முடியாததை அன்றைக்குச் செய்தேன். உன் செல்ல மகன் மனதில் நீ இருந்த உயரத்திலிருந்து உன்னைக் கீழே இறக்கினேன். வருத்தமில்லை.

இத்தனை காலம் ஒரு இணைச்சீருக்காகத்தான் உன்மேல் கோபம். இப்போது ஒரு அண்ணனுக்காகவும். இது ஆறாது அம்மா. ஆற விடவும் மாட்டேன்.