வெறும் குழியும் மஞ்சள்

மார்ச் 4
பேத்தியின் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். வயதானவர்கள் ரத்தம்தான் வேண்டுமாம். அதிலிருந்து காவல்கார அணுக்களைப் பிரித்துக் குட்டிக் குழிகளில் விட்டு, செத்த கிருமியின் வெளிச்சுவரை உடைத்து ஒரு துளி போடுவாளாம். அணுக்களுக்குக் கோபம் வந்தால் கடைசியில் குழி மஞ்சளாகுமாம்.

"கிருமியே இல்லையேடி, வெறும் சுவருக்கா கோபம்?" என்றேன்.

"திருடனோட செருப்பப் பார்த்தாலே ஊரைக் கூட்டிடும் பாட்டி."

என் அணு அல்லவா!

மார்ச் 7
மஞ்சள்! சுவர் போட்ட குழி மஞ்சள். ஒன்றுமே போடாமல் தண்ணீர் மட்டும் விட்ட குழியும் மஞ்சள். எதிரியே இல்லாமல் சண்டைக்கு நிற்கிற ரத்தம்! கீழ்வீட்டுத் தையல்காரியிடம் சொன்னேன். "அது தெரிஞ்ச விஷயம்தானே" என்றாள்.

என்ன அர்த்தத்தில் சொன்னாள்?

மார்ச் 8
பேத்தி சாப்பிடவில்லை. வெறும் குழி சும்மா இருக்க வேண்டுமாம். அதுவும் மஞ்சளானால் எதுவுமே செல்லாதாம். இருபதாம் தேதி ஆய்வுக்குப் பணம் தரும் பெரியவர்கள் முன்னால் சரியாகக் காட்டாவிட்டால் ஆய்வையே நிறுத்திவிடுவார்கள். நான் வேறு தெருவெல்லாம் பெருமை அடித்து வைத்திருக்கிறேன்.

அவளுடைய மேலதிகாரி சொன்னாராம்: "அந்தம்மா ரத்தம் அப்படி. வேற ஆளப் பாரு."

வேற ஆளா!

மார்ச் 9
வேற ஆள் யார்? என் மருமகனின் அம்மா. பேத்தி பிறந்த அன்றே "மூக்கு எங்க பக்கம்" என்று சொன்ன அதே சம்பந்தி. "அவங்க சாதுடி. கிருமி வந்தா நாற்காலி போட்டு உட்கார வைப்பாங்க" என்றேன். பேத்தி சிரிக்கவில்லை.

மார்ச் 13
சம்பந்தியின் வெறும் குழியும் மஞ்சள்.

வயிறு எரிகிறது.

அன்றே, சாயங்காலம்
விடுவேனா? போன் போட்டேன். "என் ரத்தத்துக்கு ரோஷம், சரி. அவங்களுக்கு எங்கேருந்துடி வந்துச்சு? நாங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷத்துல ஒரு விஷயத்துலயாவது ஒத்துப்போயிருக்கோமா?"

"பாட்டி... தண்ணி!" என்றாள். வைத்துவிட்டாள்.

மார்ச் 15
தண்ணீரேதான்! இரண்டு பேர் குழிக்கும் ஒரே பாட்டில். கொதிக்க வைத்ததுதான். ஆனால் கொதித்தால் கிருமி சாகுமே தவிர, அதன் சுவர்த் துண்டு போகாதாம். திருடன் செத்தும் செருப்பு வாசலில் கிடந்திருக்கிறது. பாவம், என் அணுக்கள் காரணமில்லாமல் கத்தவில்லை.

துண்டு துணுக்குகூட இல்லாத தண்ணீர் தனியாக விற்கிறார்களாம், வாங்கிவிட்டாள். நாங்கள் மறுபடி ரத்தம் கொடுத்தோம். ஒரே பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் நான்.

மார்ச் 20
வெறும் குழிகள் இரண்டும் நிறமில்லாமல் அப்படியே நின்றன. சுவர் போட்டவை மட்டும் மஞ்சள். ஆய்வு தொடரலாம் என்று சொல்லிவிட்டார்கள். என் கண்ணே பட்டிருக்கும் அவளுக்கு.

திரையில் எங்கள் அணுக்களின் கோபத்தைக் காட்ட இரண்டு கோடுகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. எது யாருடையது என்று வெளியில் சொல்லக் கூடாதாம். எங்களையும் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். சம்பந்தி என் காதருகே குனிந்து, "மேல இருக்கறது உங்களுதுதான் சம்பந்தி" என்றாள்.

"இல்ல, உங்களுதா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். நானா சொன்னேன்?

திரும்பும்போது ஜன்னலோரத்தைச் சம்பந்திக்கு விட்டேன். பாதி வழி வரைக்கும்.