வாசலில் கட்டிய பனி

பாலையூற்று,
டிசம்பர் 18.

அன்புள்ள அத்தானுக்கு,

சிவரூபி எழுதிக்கொள்வது. நானும் மகளும் மாமியும் சுகம். அங்கே நீங்களும் நுஸ்கித் தம்பியும் சுகமாயிருக்க உங்கள் மாதாவையும் எங்கள் சல்லி அம்மனையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். இருவரில் யாருக்கு முதலில் காது கேட்கிறதோ கேட்கட்டும்.

நேற்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்தமுறை வீட்டுக்கு லைட் போடுவதில்லை என்றுதான் இருந்தேன். படகு எல்லை தாண்டியதென்று உங்களையும் நுஸ்கியையும் அந்த நாட்டில் பிடித்து அடைத்து நாலு மாதம். எனக்கு என்ன நத்தார், என்ன கிறிஸ்மஸ்? லக்சாயினி விடவில்லை. அப்பா வந்தால் வீடு இருட்டாகக் கிடக்குமே என்றாள். அலுமாரிக்கு மேலிருந்த உங்கள் கலர் பல்ப் மாலையை எடுத்தால், வயர் முழுக்க எலி கடித்திருக்கிறது. குசினியிலும் விறாந்தையிலும் இருந்த ரியூப் லைட் இரண்டையும் கழற்றி, வாசல் படலையின் இரண்டு பக்கமும் நிறுத்திக் கட்டினேன். ரீவியில் பார்த்ததுபோல் பனி வேண்டுமென்று மகள் வெள்ளைப் பொலித்தீனைக் கீலம் கீலமாக வெட்டித் தந்தாள். அதையும் வாசலுக்கு முன்னால் போகும் ஒழுங்கைக்குக் குறுக்கே கயிறு இழுத்துத் தொங்கவிட்டேன். ஏணியில் நின்று பார்க்க நல்ல வடிவாகத்தான் இருந்தது.

ஆறு மணிக்கு லைட்டைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நுஸ்கியின் அண்ணன் இன்பாஸ் மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முகப்பிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, "எப்ப தங்கச்சி தகவல் வந்தது?" என்று கேட்டார். "உங்களுக்கு வந்திட்டுதா அண்ணை?" என்றேன். அவர் இன்னும் கிட்ட வந்து, "நுஸ்கியப் பத்தி ஒண்டும் சொல்லேல்லையா?" என்றார். அவர் எங்கள் வாசலைப் பார்த்து நினைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்து நினைத்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து உங்களைச் சாகடித்துவிட்டோம், அத்தான்.

மாமி உள்ளே இருந்து குழறி அழத் தொடங்கினா. அதைக் கேட்டு முன்வீட்டுப் பரீதா அக்கா வருகிற சனம் இருக்கக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டா. லக்சாயினிதான் நடுவில் வந்து நின்று, "இது பனி" என்றாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை லைட், வெள்ளைத் தோரணம், அசல் செத்தவீடு. பரீதா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருவர்கூட அப்படி இருக்காது என்று சொல்லவில்லையே. நானே சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் உலுக்குகிறது.

இன்பாஸ் அண்ணைதான் பொலித்தீனை அறுத்து எறிந்தார். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித்தாள் வாங்கி வந்து லைட்டில் சுற்றினார். படலையைப் பிடித்தபடி அவர் கண்ணைத் துடைத்ததைக் கண்டும் காணாததுபோல நின்றேன்.

உங்கள் கடைசிக் கடிதம் நுஸ்கித் தம்பியின் எழுத்தில் இருந்தது. உங்களுக்குக் காய்ச்சல் என்றும், நீங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதாகவும் இருந்தது. அதற்கு முந்தியதும் அவருடைய எழுத்துத்தான். மாமிக்கு அதைச் சொல்லவில்லை; நீங்களே எழுதியதாக வாசித்துக் காட்டினேன். இனி அப்படி வாசிக்க எனக்கு ஏலாது. எழுத்துக் கோணினாலும் பரவாயில்லை. உங்கள் கையால், உங்கள் பெயரை மட்டுமாவது எழுதி அனுப்புங்கள்.

மாதா உங்களை எழுப்பி நடத்தட்டும்.

உங்கள்
சிவரூபி