நானூற்றுப் பன்னிரண்டு பச்சை

ஜூன் 11, புதன்

அன்புள்ள இன்ஜினியருக்கு,

நீங்கள் போய் இன்றோடு பத்து நாள். சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி வந்தது. பிறகு போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டீர்கள். "கவனம் கலையுது, எதுவா இருந்தாலும் லெட்டர் போடு" என்றீர்கள். போடுகிறேன். சரக்கு வந்ததா, எப்போது வரும் என்று எழுதிப் பழகிய கை இது. அன்பாக எழுத வராது. திட்டினால் அதையே அன்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் பேசியதை ஒரு முறை எழுத்தில் வைத்துவிடுகிறேன். பின்னால் நீ சொன்னாய், நான் சொன்னேன் என்று வரக்கூடாது. நீங்கள் பதினேழு வருஷம் பார்த்த வேலை போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது எந்தக் கம்பெனிக்குப் போனாலும் புரோகிராம் புதிர் ஒன்றைக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போடச் சொல்கிறார்கள். வீட்டில் இருந்தால் பயிற்சி நடக்காது என்று அந்த ஊரில் அறை எடுத்தீர்கள். கெடு மார்ச் முப்பத்தொன்று. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இதுதான் பேச்சு.

பாப்பாவிடம் பள்ளிக்கூடத்தில் டீச்சர், "அப்பா என்ன பண்றாங்க?" என்று கேட்டாராம். "பரீட்சைக்குப் படிக்கிறாங்க" என்றாளாம். பக்கத்தில் இருந்த பெண், "எத்தனாவது?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம்.

அறையில் காற்று வருகிறதா? நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
கடைக்காரி


ஜூலை 5

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

அறை தெருவைப் பார்த்த தரைத்தளம். மேஜை, நாற்காலி, ஒரு கட்டில். காற்று வருகிறது, கூடவே தூசியும் வருகிறது.

ஒரு நல்ல செய்தி. நான் ஒரு கருவி எழுதிக்கொண்டிருக்கிறேன். புதிர் போட்டுப் பழக இன்டர்நெட்டில் தளங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே விடையை ஏற்றினால் எத்தனை தவறு என்று என் பெயருக்குப் பக்கத்திலேயே காட்டும். என் கீழே வேலை பார்த்த பசங்க எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். புதிர்களை மொத்தமாக இறக்கி என் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டேன். இனி யார் கண்ணிலும் படாமல் இங்கேயே பழகலாம்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பட்டன், படம் எதுவும் கிடையாது. வெறும் கறுப்புத் திரை, அதில் கட்டளையைத் தட்ட வேண்டும். 'எடு' என்றால் ஒரு புதிர் வரும். விடைக்கான புரோகிராமை எழுதிவிட்டு 'ஓட்டு' என்றால் சோதித்துப் பார்க்கும். விடை பொருந்தினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. புதிரோடு வரும் உதாரண விடைகள் இரண்டு மூன்றுதான், அவை போதாது. அதனால் 'வை' என்று மூன்றாவதாக ஒரு கட்டளை. என் புரோகிராம் தருகிற விடை சரிதான் என்று நான் முடிவு செய்தால், 'வை' என்று தட்டுவேன். அதையே சரியான விடையாகப் பத்திரப்படுத்திக்கொண்டு, அடுத்த முறை அதோடு மட்டும் ஒப்பிடும்.

அழகாக வந்துகொண்டிருக்கிறது. இது முடிந்ததும் பயிற்சியைத் தொடங்கிவிடுவேன்.

பாப்பாவுக்கு முத்தம். அப்பா எட்டாவது படிக்கிறார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லச் சொல்.

உன்
இன்ஜினியர்


ஜூலை 24

அன்புள்ள இன்ஜினியருக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷப்பட்டேன். இரண்டாவது தடவைதான் அந்தக் கடைசி வரி கண்ணில் பட்டது. "இது முடிந்ததும் பயிற்சியைத் தொடங்கிவிடுவேன்." அப்படியென்றால் ஒரு மாதமாக ஒரு புதிர்கூடப் போடவில்லையா?

நான் போல்ட் வியாபாரத்தை எப்படி ஆரம்பித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்ததைக் கிலோ கணக்கில் அள்ளி வந்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேய்த்து, சைஸ் பிரித்து விற்றேன். போர்டு மாட்டியது மூன்றாவது வருஷம். ரேக் செய்தது அதற்கும் பிறகு. நீங்கள் ரேக்கை மட்டும் இழைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே வைக்கச் சரக்கு எங்கே?

கோபப்பட்டால் படுங்கள். தெருவைப் பார்த்த அறை என்கிறீர்கள், ஜன்னலுக்குத் திரை போட்டீர்களா? வெயில் முகத்தில் அடித்தால் உங்களுக்குத் தலைவலி வரும்.

உங்கள்
கடைக்காரி


நவம்பர் 18

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

நீ திட்டியது பலித்தது. இன்று வரை நானூற்றுப் பன்னிரண்டு புதிர்கள், எல்லாம் பச்சை. திரையின் மேல்மூலையில் எண்ணிக்கை தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

ஆனால் மூன்று கம்பெனிக்குப் போனேன், மூன்றும் போய்விட்டது. கடைசி இடத்தில் எதிரில் உட்கார்ந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஒண்ணுமே இல்லாத லிஸ்ட் வந்தா என்ன ஆகும் சார்?" என்றான். புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. "பரவால்ல சார், டைம் எடுத்துக்குங்க சார்." அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த 'சார்' தாங்கவில்லை. இத்தனைக்கும் இதே மாதிரிப் புதிருக்கு இங்கே பச்சை வாங்கியிருக்கிறேன். பதற்றம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

அப்பா என்னதான் செய்கிறார் என்று பாப்பா பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே. கருவியைப் பென்டிரைவில் போட்டு இதோடு அனுப்புகிறேன். அவளுக்காக ஒரு வரிப் புரோகிராம் ஒன்றும் வைத்திருக்கிறேன். மேற்கோள் குறிக்குள் எதை எழுதினாலும் அது அப்படியே விடையாக வரும். விளையாடட்டும்.

உன்
இன்ஜினியர்


டிசம்பர் 7, ஞாயிறு

அன்புள்ள இன்ஜினியருக்கு,

இன்று கடைக்கு விடுமுறை. பாப்பாவும் நானும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு பில் போடும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். நீங்கள் எழுதியபடியே செய்தோம். 'எடு' என்றதும் ஒரு புதிர் வந்தது. ஏதோ எண்களைக் கொடுத்து, எது அதிகத் தடவை வருகிறது என்று கேட்டது. எங்களுக்கு எங்கே தெரியும்? பாப்பா மேற்கோளுக்குள், "அரை இஞ்ச் வாஷர் ஸ்டாக் இல்லை" என்று அடித்தாள். 'ஓட்டு' என்றோம். சிவப்பு. விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னொண்ணு இருக்கும்மா, வை-ன்னு" என்று அதையும் தட்டினாள். மறுபடி 'ஓட்டு' என்றோம்.

பச்சை. மேல்மூலையில் நானூற்றுப் பதிமூன்று.

"அம்மா, நான் பாஸ்! அப்பா வேலை எனக்கே கிடைக்கும் போல!" என்று கடைக்குள் குதித்தாள். நான் குதிக்கவில்லை.

எனக்குப் புரோகிராம் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் தெரியும். மூன்று வருஷம் முன்னால் ஒருத்தர் எனக்கு உயர் வலிமை போல்ட் அனுப்பினார். ஒவ்வொரு பெட்டியிலும் தரச்சான்று இருந்தது, முத்திரை, கையெழுத்து எல்லாம் சுத்தம். ஒரு மெஷினில் மாட்டிய இரண்டாம் நாள் போல்ட்டின் தலை தெறித்துப் போனது. விசாரித்தால், சான்று எழுதியது அவருடைய பட்டறையிலேயே அவருடைய மச்சான். அதிலிருந்து எந்தச் சரக்கு வந்தாலும் இரண்டு போல்ட்டை எடுத்து, எனக்கும் தெரியாத, விற்றவருக்கும் தெரியாத வெளியாளிடம் கொடுத்து, உடைகிறதா என்று இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

நேராகவே கேட்கிறேன். இது தெரியாமல் நடந்ததா, தெரிந்தே நடந்ததா? தெரியாமல் என்றால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை, திருத்திக்கொள்ளலாம்.

பாப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை.

உங்கள்
கடைக்காரி


ஜனவரி 4

அன்புள்ள உனக்கு,

தெரிந்தேதான்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு விடையையும் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் 'வை' என்று தட்டினேன். சத்தியமாக. நாற்பதாவது புதிரோ என்னவோ, ஒரு நாள் காலையிலிருந்து ஆறு தடவை சிவப்பு விழுந்தது. ஏழாவது தடவை 'ஓட்டு' என்று தட்டவில்லை, 'வை' என்று தட்டினேன். நாளைக்குத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று மத்தியானம் ரொம்ப நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன். மறுநாள் திருப்பிப் பார்க்கவில்லை.

உன் கடிதம் வந்ததும் எல்லாவற்றையும் கொண்டுபோய் பிரவுசிங் சென்டரில் அந்தத் தளத்தில் ஏற்றினேன். ஒரு வாரம் ஆயிற்று. நானூற்றுப் பன்னிரண்டில் சரியானவை தொண்ணூற்றேழு.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வந்துவிடுகிறேன். அதில் மாற்றமில்லை.

உன்
நான்


ஜனவரி 19

என்னங்க,

மறைக்காமல் எழுதினீர்களே, அதுவே எனக்குப் பெரிது. தொண்ணூற்றேழு என்றால் தொண்ணூற்றேழு. கையில் இருக்கிற சரக்கு அதுதான். இல்லாத முந்நூறை நினைத்துக்கொண்டு இருக்கிறதைத் தூக்கிப் போட வேண்டாம்.

வேலை கிடைக்காமல் வாருங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், கேட்கிறவர்களையும் நான் பார்த்துக்கொள்கிறேன். என் வாய் உங்களுக்குத் தெரியும். கடையில் வந்து உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. முதலில் வாருங்கள், பிறகு என்ன செய்வது என்று சேர்ந்து யோசிப்போம்.

பாப்பாவுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. கரும்பலகை தெரியவில்லை என்று இத்தனை நாள் சொல்லாமலே இருந்திருக்கிறாள். "ஏன்டி சொல்லல?" என்றால், "அப்பா வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்" என்கிறாள். உங்களுக்கு எழுதச் சொன்னேன். கண்ணாடியோடு நேரில்தான் காட்டுவாளாம். அவளும் நானும் முப்பத்தொன்றாம் தேதி பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறோம். மத்தியான பஸ்ஸில் ஏறுங்கள்.

உங்கள்
கடைக்காரி


மார்ச் 27

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

ரொம்ப நாள் எழுதவில்லை, மன்னித்துக்கொள். காரணம் தெரிந்தால் நீயே சந்தோஷப்படுவாய்.

கருவியை அடியோடு மாற்றி எழுதிவிட்டேன். 'வை' என்ற கட்டளையே இப்போது கிடையாது. நீ போல்ட்டை வெளியாளிடம் கொடுக்கிறாயே, அதே யோசனைதான். ஒவ்வொரு புதிருக்கும் இரண்டு புரோகிராம். ஒன்று வேகமானது. இன்னொன்று மெதுவானது, ஆனால் தப்பாது. கருவி தானாகவே ஆயிரக்கணக்கில் சோதனைகளை உருவாக்கி இரண்டையும் மோதவிட்டு, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும். ஏமாற்றவே முடியாது. யாரும் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டார்கள். எங்கே சறுக்குகிறேன் என்று ஒரு பட்டியலும் போடும். அது மட்டும்தான் பாக்கி.

அதனால் ஜூன் வரை இங்கேயே இருந்துவிடுகிறேன். இப்போது விட்டால் எல்லாம் வீண். இது முடிந்ததும் பயிற்சியை முதலிலிருந்து தொடங்கிவிடுவேன்.

உன்
இன்ஜினியர்


ஏப்ரல் 6, திங்கள்

உங்களுக்கு,

உங்கள் கடிதம் ஒன்றாம் தேதிதான் கைக்கு வந்தது. அதனால் முப்பத்தொன்றாம் தேதி நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தோம். நான்கு பஸ் பார்த்தோம். மூன்றாவது பஸ் காலியானதும் பாப்பா கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். "தூசி படுதும்மா" என்றாள்.

வியாழக்கிழமை உங்கள் ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு ஆங்கர் போல்ட் இறக்க வேண்டியிருந்தது. டிரைவரே போதும், இருந்தாலும் லாரியில் நானும் ஏறினேன். சட்டையைப் பிடித்து இழுத்து வரலாம் என்றுதான் வந்தேன். உங்கள் தெருவில், அறைக்கு எதிரே ஒரு லாண்டரி இருக்கிறது, அதன் வாசலில் நின்றேன். காலையில் பதினோரு மணி. உங்கள் ஜன்னலுக்குத் திரை இல்லை. மேஜையில் பாதி தின்ற பன்னும் ஆறிப்போன டீயும். நீங்கள் என்னவோ தட்டினீர்கள். பச்சை விழுந்திருக்கும் போல. கையைத் தட்டிக்கொண்டு சிரித்தீர்கள். அறையில் வேறு யாரும் இல்லை.

வேலை போவதற்கு முன்னால்கூட, நம் வீட்டில் உங்களை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்கு ஆத்திரம் வரவில்லை. இந்த மனிதர் வேலை தேடி இங்கே வரவில்லை, எங்களை விட்டுத் தூரமாக இருக்கவும் வரவில்லை, இருக்க ஒரு இடம் கிடைத்திருக்கிறது, இருக்கிறார் என்று பட்டது. இதை நீங்களே உங்களிடம் சொல்லிக்கொள்ள மாட்டீர்கள். ஜூன் என்பீர்கள். பிறகு டிசம்பர் என்பீர்கள். ஒவ்வொரு தடவையும் நம்பித்தான் சொல்வீர்கள்.

லாண்டரிக்காரம்மா, "என்னம்மா, துணி போடணுமா?" என்றார். "இல்ல, வீடு மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு லாரிக்குத் திரும்பிவிட்டேன்.

வியாபாரத்தில் சரக்கு வராது என்று தெரிந்த பிறகு ஆர்டரைத் திறந்தே வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால் வேறு எதற்கும் இடம் இருக்காது. நான் இனி கடிதம் எழுதமாட்டேன். இதற்குப் பதிலும் வேண்டாம். பாப்பாவுக்கு உங்கள் விலாசம் தெரியும். அவளுக்குத் தோன்றினால் எழுதுவாள், தடுக்க மாட்டேன். எழுதச் சொல்லவும் மாட்டேன்.

வாசல் பூட்டை நேற்று மாற்றிவிட்டேன். உங்களிடம் இருக்கும் சாவியைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா