கோட்டில் ஒட்டிய வெள்ளை

பிப்ரவரி 4
சட்டசபை வாசலில் காவலர் இன்றும் நிறுத்தினார். "எந்த உறுப்பினரோட வீட்டம்மா நீங்க?" நான்தான் உறுப்பினர் என்றேன். மொத்தச் சபைக்கும் ஒரே ஒரு பெண். அடையாளம் தெரிவது அவ்வளவு கஷ்டமா?

மனித உரிமைக் குழுவுக்கு என்னைத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள். வேறு யாரும் கேட்கவில்லையாம்.

பிப்ரவரி 11
ஓர் அம்மா தினமும் அலுவலகத்துக்கு வருகிறார். மகன் வெள்ளையடிப்பவன். கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போன அன்று போலீஸ் பிடித்துப் போனது. அப்புறம் ஆளே இல்லை. "செத்துட்டான்னாவது சொல்லச் சொல்லுங்கம்மா." தண்ணீர் கொடுத்தேன்.

பிப்ரவரி 20
முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுச் சிறையைப் பார்க்கப் போனேன். புதுசாக வெள்ளையடித்து, புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. அப்படி ஒரு பையன் இங்கே இல்லவே இல்லை என்று சிறை அதிகாரி சத்தியம் செய்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கறுப்புக் கோட்டு முழுக்க வெள்ளை. அக்கா கத்தினாள். "எவன்டி அவன், சுண்ணாம்புல பசைகூடச் சேர்க்காம அடிச்சவன்? தொட்டாலே ஒட்டுது!"

பிப்ரவரி 21
கறை போகவில்லை. அக்கா பேசவில்லை.

மார்ச் 2
இன்று சொல்லாமல் போனேன். அதிகாரிக்கு வியர்த்தது. வராந்தாக் கோடியில் எதிரே வந்த காவலருக்கு வழிவிட ஒதுங்கினேன். தோள் பட்ட இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. அடியில் செங்கல் இல்லை, மரப்பலகை. கையால் தேய்த்தேன். பூட்டு.

"சுவத்துக்கு எதுக்குங்க பூட்டு?"

"பழைய ஸ்டோர் ரூம் மேடம். சாவி தொலைஞ்சு போச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார். சாவி கிடைக்கும்வரை இருக்கிறேன் என்று தரையில் உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் சாவி கிடைத்துவிட்டது.

உள்ளே பதினோரு பேர். வெளிச்சம் பட்டதும் கண்ணைப் பொத்திக்கிட்டாங்க. ஐயோ — எழுத முடியல. அந்த அம்மாவோட பையன் இருக்கான். உயிரோட இருக்கான்.

மார்ச் 3
கட்சித் தலைவர் போன் செய்தார். "பேரெல்லாம் சபையில வாசிக்காதீங்கம்மா. நம்ம ஆட்சி. மெதுவா விட்டுடலாம். வாசிச்சா, அடுத்த தடவை சீட் கஷ்டம்."

மெதுவா என்றால் எவ்வளவு மெதுவா என்று கேட்டேன். வைத்துவிட்டார். பெயர் சபைக் குறிப்பில் ஏறிவிட்டால் அவர்களை மறுபடி காணாமல் ஆக்குவது கஷ்டம். ஏறாவிட்டால்?

பயமாக இருக்கிறது. எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

மார்ச் 5
வாசித்தேன். மூன்றாவது பெயரில் மைக்கை அணைத்தார்கள். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் மைக் இல்லாமல் கத்தியவள் நான். கேன்டீன் வரைக்கும் கேட்டதாம்.

ஏப்ரல் 9
பதினோரு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். எனக்கு சீட் இல்லை.

மே 17
சுயேச்சையாக நிற்கிறேன். தேர்தல் அலுவலகத்துக்கு ஓர் அறை பிடித்தோம். சுவர் கண்றாவி. வெள்ளையடிக்க அந்த அம்மாவின் மகன் வந்தான். கூலி வேண்டாமாம், கூலி கேட்டு உள்ளே போனவன் பேசுகிற பேச்சா இது?

"நீங்க வர்றீங்கன்னு ஜெயிலுக்கு வெள்ளையடிக்க வெச்சதும் என்னைத்தான் மேடம். கடைசியில என்னை உள்ள தள்ளிட்டு, மிச்சத்தைக் கதவு மேல அவங்களே பூசிட்டாங்க. கலக்கினது நானு. வேணும்னேதான் பசை சேர்க்கல. வர்றவங்க துணியிலயாவது ஒட்டட்டும்னு."

அக்கா மூக்கைச் சிந்தினாள்.

"இங்க பசை போட்டு அடிப்பா. இவ சும்மா இருக்க மாட்டா, கண்ட சுவத்துலயும் போய்ச் சாய்வா."