கழற்றிய கதவு

என் மகளின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஊரெல்லாம் கதவு மாட்டும் தச்சர் நீங்கள். சொந்த மகளின் அறைக் கதவைக் கழற்றி மொட்டைமாடியில் சாய்த்துவிட்டு, வெளியூர் வேலைக்குப் போய் இருபது நாளாகிறது. "பதினஞ்சு வயசுல கதவைச் சாத்திக்கிட்டு அழ என்ன இருக்கு? எல்லாம் கொழுப்பு!" என்றீர்கள்.

இப்போது அவள் அழுவதில்லை. சந்தோஷப்படாதீர்கள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள், நாள் முழுக்க.

மனநல டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஆமாம், மானம் போய்விடும் என்று நீங்கள் தடுத்த அதே டாக்டர்தான். இரண்டாம் தடவைதான் வாய் திறந்தாள்.

"அழுறதுக்குன்னு ஒரு இடம் இருந்துச்சு டாக்டர். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து அதையும் கழட்டிட்டாங்க."

அன்று ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்துக் கொடுத்தவள் நான்தானே. அந்தக் கோபத்தையும் உங்கள் மேல்தான் காட்டுகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து கதவை மாட்டுங்கள், தாழ்ப்பாளோடு. மாட்டியதும் வெளியே வந்து தட்டுங்கள். அவளாகத் திறந்தால் உள்ளே போங்கள். திறக்காவிட்டால் என் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். வாயை மட்டும் திறக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா