ஏழாவது எலும்பு

ஜூலை 17, வியாழன்

காலையிலிருந்தே சாரல். துணி எதுவும் காயவில்லை. யூனிஃபார்மை ஃபேனுக்கு அடியில் போட்டு, அரை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓடினேன்.

சீசன் வந்துவிட்டால் தென்காசியில் லாட்ஜுக்கு அடுத்தபடி எங்கள் எக்ஸ்ரே ரூமில்தான் கூட்டம். அருவியில் வழுக்கினது, பைக்கில் விழுந்தது. இன்று கழுத்தே நிறைய. ஒரு அக்கா கம்மலைக் கழற்ற மாட்டேன் என்று அழிச்சாட்டியம். படத்தில் கம்மல்தான் தெரியும், கழுத்து தெரியாது என்றதும் கழற்றினாள்.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அண்ணாச்சி ஒருவர். மலை மாதிரி தோள். பக்கவாட்டில் எடுத்தால் கழுத்தின் ஏழாவது எலும்பு தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வழக்கம்போல இரண்டு கையிலும் தண்ணீர் கேனைக் கொடுத்து நிற்க வைத்தேன். கனத்தில் தோள் இறங்கும், எலும்பு வெளியே வரும். "மூட்டை தூக்கக் கூடாதுன்னுதான் இங்கன வந்தேன், நீங்களும் தூக்கச் சொல்லுதியளே!" சிரித்ததில் படம் ஆடிப்போய் மறுபடி எடுத்தேன்.

ராத்திரி அப்பாவோடு பழைய சண்டை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். தேய்த்து முடித்ததும் கடைசியில் கழுத்தைத் திருகி சொடக்கு எடுப்பார். அது இல்லாமல் யாரும் எழுந்திருப்பதில்லை. கழுத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். "ஏட்டி, நீ படம் புடிச்சுப் பாக்க, நான் கைய வச்சுப் பாக்கேன்." என் வீட்டுக்காரர் இசக்கி அவர் பக்கம். எப்போதும் அப்படித்தான், மாமனும் மருமகனும் கூட்டு. வேலை முடிந்து வந்து அப்பா எங்கள் வீட்டில் ஆளை உட்கார்த்தித் தேய்க்கும்போது அந்தப் பலாப் பலகையைத் தூக்கிப் போடுவதும் இவர்தான். அப்பாவுக்கு முட்டு வலி, குனிய முடியாது.

வாங்க: சோப்பு, உளுந்து, கொசுவத்தி.

ஜூலை 20, ஞாயிறு

திருநெல்வேலி. ஆஸ்பத்திரி. எழுதக் கை வரவில்லை. சும்மா இருந்தால் அதைவிட மோசம்.

வெள்ளிக்கிழமை நடந்தது. இவர் லாட்ஜ் டூட்டி முடிந்து ஐந்தருவியில் குளிக்கப் போனார். பாசியில் வழுக்கி மல்லாக்க விழுந்திருக்கிறார். கழுத்துப் பிடிப்பு. தானே வண்டி ஓட்டி வீட்டுக்கு வந்தார். எனக்கு ஃபோன் பண்ணவில்லை. அப்பா இருக்கிறாரே!

அப்பா எண்ணெய் போட்டு, இடப்பக்கம் ஒரு சொடக்கு. வலப்பக்கம் திருகும்போது, "மாமா, கையில கரண்டு அடிக்கி." கொஞ்ச நேரத்தில் டீ கிளாஸ் பிடிக்க முடியாமல் கீழே விழுந்தது.

ஆட்டோவில் உட்கார வைத்தே எங்கள் எக்ஸ்ரே சென்டருக்குக் கொண்டு வந்துவிட்டார் அப்பா. அடுத்த பேஷண்டைக் கூப்பிட வெளியே வந்தவள் பார்த்தேன். அப்பாவின் தோளில் இவர் தலை. மடியில் விரல்கள் மடங்கிக் கிடந்தன.

அப்புறம் நான் பொண்டாட்டி இல்லை. படுக்க வைத்து, கழுத்துக்குக் காலர் போட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை. ஆளைத் திருப்பாமல், பக்கத்தில் பிளேட்டை நிறுத்தி எடுத்தேன். "அசையாதீங்க. எச்சில் முழுங்காதீங்க." தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிறது. இவர், "உங்கிட்டயே பேஷண்டா வந்துட்டேன் பாரு ஏட்டி" என்று சிரிக்கப் பார்த்தார்.

ஆறாவது எலும்பு வரை சுத்தம். ஏழாவது தோளுக்குப் பின்னால். தண்ணீர் கேன் மூலையில் இருந்தது. இவருக்குத் தோளை இழுக்கக் கூடாது. தெரியாத அந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் டாக்டர் உடனே இங்கே அனுப்பினார். இங்கே ஸ்கேனில்: ஆறாவது, ஏழாவதின் மேல் முன்னால் நழுவி நிற்கிறது. நரம்பு நசுங்கி.

நேற்று ஆபரேஷன்.

ஜூலை 22, செவ்வாய்

வெயில். தென்காசிச் சாரல் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

அசைவது: தோள். முழங்கை மடங்குகிறது.
அசையாதது: விரல். கால் இரண்டும்.

"பொறுத்துப் பாக்கணும்மா" என்கிறார் இங்கே பெரிய டாக்டர். இந்த மாதிரி எத்தனை படம் எடுத்திருக்கிறேன். கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறேன். அவர்களெல்லாம் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள்?

இட்லி ஊட்டினேன். சட்னி தாடையில் வழிந்தது, துடைத்தேன். வெட்கப்பட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்பா வராந்தாவில். குழாயில் சோப்புப் போட்டுப் போட்டுக் கை கழுவுகிறார். நான் பேசவில்லை. வெறுப்பாக இருக்கிறது. சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். போய்ச் சரியாகப் போட்டுவிட்டேன். அப்போதும் பேசவில்லை.

லீவு சொல்லணும். கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

ஜூலை 26, சனி

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். விழுந்ததிலா, திருகினதிலா? "விழுந்ததுலயே எலும்பு விலகியிருக்கும். நரம்பு எப்ப நசுங்குச்சுன்னு படம் சொல்லாதும்மா." படம் சொல்லாது. வண்டி ஓட்டி வந்த கை சொல்லுமே.

சாயங்காலம் இவர் கூப்பிட்டார். "மாமா ஒழுங்கா சாப்பிடுதாரா?"

இல்லை என்றேன்.

"ஏட்டி, ஒண்ணு செய்யி. விழுந்தப்பவே ரெண்டு கையும் மரத்துப் போச்சு, நான்தான் மறைச்சேன்னு சொல்லிரு. வண்டிய கூட வந்தவன் ஓட்டினான்னு சொல்லு. நான் வந்தத அவரு பாக்கல."

"அவராலதானே இப்படிக் கிடக்கீங்க" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும்லா. அதுக்குத்தான் சொல்லுதேன். அவருக்கு வேற யாரு இருக்கா?"

என் தலையில் கை வைக்கப் பார்த்தார். முழங்கை மட்டும் மடங்கியது. நான் குனிந்து அந்தக் கைக்குக் கீழே தலையைக் கொண்டுபோனேன். அழுதேன். மூக்கைச் சிந்தக்கூட எழுந்திருக்க மனசில்லை.

ஜூலை 29, செவ்வாய்

லாட்ஜ் முதலாளி ஃபோன், விசாரிப்பு. கேஸ் வந்துவிட்டதாம், எதிர்வீட்டு அக்கா வாங்கி வைத்திருக்கிறாள். இவருக்கு லேசாகக் காய்ச்சல், பிறகு இறங்கியது.

அப்பாவை எதிர்த்த டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். இத்தனை நாளில் முதல் பேச்சு. இவர் சொன்னதை அப்படியே சொன்னேன். விழுந்தப்பவே கை மரத்துவிட்டது, விரல்கூட மடக்க முடியவில்லையாம், நாம் பயப்படுவோம் என்று மறைத்திருக்கிறார். பேஷண்டிடம் பேசுகிற குரல்.

"நெசமாவா?"

"ஆமாப்பா. உங்க கை படுறதுக்கு முன்னாடியே."

டீயில் ஆடை படிந்தது. விரலால் ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தார். சரி, நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"பலகைய அவன்தாம்மா தூக்கிட்டு வந்து போட்டான்" என்றார். "ரெண்டு கையாலயும்."