தெறித்தது கல் இல்லை

மேல் டிவிஷன்,
புளத்கொகுபிட்டிய.
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அக்கா விஜயகலாவுக்கு,

உன் தம்பி ஸ்ரீதரன் எழுதுவது. இங்கே அம்மா, மச்சான், உன் மகள் யதுர்ஷிகா, என் மல்லிகா எல்லாரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ அந்தக் குவைத் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவனுக்கு என்ன வந்தது, கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நம் லயத்தில் போனில் ஒரு பேச்சை ஒருத்தருக்கு மட்டும் சொல்ல முடியாது என்று உனக்குத் தெரியும். நீ ஹலோ என்றதும் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடும். வரிசையின் கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பரா வரைக்கும் சபை கூடிவிடும். ரப்பர் மலைக்குள்ளே போய் நின்று உனக்குக் குரல் பதிவு அனுப்பவும் பார்த்தேன். பேசிப் பேசி அழித்ததுதான் மிச்சம். முக்தார் நாநாவின் மகள் நூரியா லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். உன் மேடம் தூங்கிய பிறகு தனியாக இருந்து படி.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்கிறேன். மழை விடாமல் பெய்கிறது, ரப்பர் பால்வெட்டு பாதி நாள் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. யதுர்ஷிகா சிங்களத்தில் நாடகம் நடித்துப் பரிசு வாங்கினாள். வீட்டுக்கு வந்து நம்மிடமும் சிங்களத்தில்தான் பேசுவேன் என்று இரண்டு நாள் அடம். அம்மாவும் விடாமல் சிங்களத்திலேயே திட்டித் தீர்த்தது. கூரைத் தகரம் மாற்றியாயிற்று. மல்லிகா உனக்கென்று வல்லாரையைக் காயவைத்துப் பொடி பண்ணி நூரியாவிடம் கொடுத்திருக்கிறாள்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் தாள் முடிந்துவிடும், சொல்ல வந்தது நிற்கும். எனக்கும் அதுதான் வசதி. ஆனால் இந்த மாதக் கடைசியில் அங்கே இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறாய் என்று அம்மாவிடம் சொன்னாயாம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் தெரியாத குடிகாரனுக்காக நான் ஏன் ஓடி வர வேண்டும் என்று கேட்டாயாம். மச்சான் உன்னைக் கூப்பிட்டு நீ எடுக்காமல் விடும் ஒவ்வொரு முறையும் நான் அந்தப் பக்கமே போகாமல் ஒதுங்கிவிடுகிறேன்.

நீ போகும் முன்பே என் பைத்தியம் உனக்குத் தெரியும். மல்லிகாவைக் கட்டினாயா முக்தார் நாநாவின் பழைய இரும்புக் கடையைக் கட்டினாயா என்று கேலி பண்ணுவாய். நீ போன பிறகு அது முற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை ஃபாக்டரி வேலை முடிந்ததும் நேரே நாநாவின் கடைக்குப் பின்னால் இருக்கும் குவியலுக்குப் போவேன். ஞாயிறு என்றால் ரம்புக்கனைச் சந்தை. ஓட்டைச் சட்டி, உடைந்த சைக்கிள், வேலிக் கம்பி எல்லாவற்றையும் கிளறினால் அடியில் ஒரு குறடு கிடக்கும், பிடி போன சீவுளி கிடக்கும், சீமையில் செய்த முத்திரையோடு ஒரு ஸ்பேனர் கிடக்கும். அதைத் தூக்கும்போது நெஞ்சு அடிக்கிற அடி இருக்கிறதே, அதைச் சொன்னால் சிரிப்பாய். விலை பேசும்போது முகத்தில் ஆசையைக் காட்டக் கூடாது. நாநா கெட்டிக்காரர், நான் எதைத் தூக்கிவிட்டுத் திரும்ப வைக்கிறேனோ அதற்குத்தான் விலையை ஏற்றுவார்.

கொண்டு வந்து வினாகிரிக் காடியில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, கொய்யாக் கட்டையில் புதுப் பிடி போடுவேன். மல்லிகாவின் மீன் சட்டியில் ஒருமுறை ஊறப்போட்டுவிட்டேன், அதற்கு அவள் கொடுத்த அர்ச்சனையை விடு. மெதுமெதுவாக ஆட்கள் தேடி வந்தார்கள். அரநாயக்கப் பக்கத்து மேசன் பாஸ்மார் கூட, புதுச் சாமானை விட இந்தத் தம்பி தீட்டிக் கொடுப்பது நின்று உழைக்கிறது என்றார்கள். அக்கா, இத்தனை வயதில் ஒருத்தர் என்னை மெச்சி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த மெச்சல் தலைக்கு ஏறிவிட்டது.

இந்த வருசம் ஆயுத பூஜைக்கு முன்னால் நாநாவின் குவியலில் ஒரு கல் உளி கிடைத்தது. நல்ல பழைய உருக்கு. அடித்து அடித்துத் தலை காளான் மாதிரி விரிந்து, முனை மழுங்கிப்போய்க் கிடந்தது. பார்த்ததும் மச்சானுக்கு என்று முடிவு பண்ணிவிட்டேன். நீ இல்லாத இந்த வீட்டில் பிள்ளைக்குத் தலை பின்னுவதில் இருந்து அம்மாவுக்குத் தைலம் தேய்ப்பது வரைக்கும் அவர்தான். மேசன் சுனில் பாஸோடு அத்திவாரத்துக்குக் கல் உடைக்கப் போகிறவர், கையில் இருந்த உளி தேய்ந்து விரல் நீளம்தான் இருந்தது. ஆயுத பூஜைப் படையலில் என் உளி அவர் சுத்தியலுக்குப் பக்கத்தில் பளபளவென்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது, மறுநாள் விஜயதசமிக்கு அதை எடுத்து அவர் வேலை தொடங்க வேண்டும். இதுதான் என் கணக்கு.

விரிந்த தலையை அரைத்து எடுத்தேன். முனையைத் தீட்டிப் பிடித்தேன். பிறகு அதைக் கடினப்படுத்த வேண்டும், நெருப்பில் பழுக்க வைத்துத் தண்ணீரில் தோய்க்க வேண்டும். கல் உளியை நான் அதுவரைக்கும் சிறியதாக இரண்டு மூன்றுதான் செய்திருந்தேன். போனில் ஒரு வீடியோ பார்த்துச் செய்தேன். பாதியில் டேட்டா முடிந்துவிட்டது. விடிந்தால் பூஜை. மிச்சத்தில் என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்று முழு உளியையும் தலையில் இருந்து முனை வரைக்கும் பழுக்க வைத்துத் தண்ணீரில் போட்டேன். சுர்ரென்று சத்தம் வந்தது, எனக்குப் பெருமையாக இருந்தது. எண்ணெய் பூசித் துடைத்து மறுநாள் படையலில் வைத்தேன். சந்தனமும் குங்குமமும் நானே வைத்தேன். மச்சான் அதைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

அந்த வீடியோவின் மிச்சத்தை மச்சானை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் பார்த்தேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். முனையை மட்டும்தான் தோய்க்க வேண்டுமாம். தலை மிருதுவாகவே இருக்க வேண்டுமாம். தலையையும் கடினப்படுத்தினால் சுத்தியல் அடியில் அது கண்ணாடி மாதிரி உடைந்து தெறிக்குமாம். அந்த ஆள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார், அக்கா.

மச்சானின் கண்ணுக்குள் போனது கல் இல்லை. என் உளியின் தலையில் இருந்து தெறித்த இரும்பு.

இனி நீ கேட்பாய், அப்படியானால் குடித்திருந்தேன் என்று அவர் ஏன் சொன்னார் என்று. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு வேலை இடத்தில் இருந்த சுனில் பாஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மச்சானைத் திரீவீலரில் ஏற்றும்போது பாஸ் கீழே கிடந்த உளியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாராம். இதை யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டாராம். கண்ணைப் பொத்திக்கொண்டு ரத்தம் வழிய உட்கார்ந்திருந்த மனுசன் அந்த உளியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, உளியில் ஒன்றும் இல்லை பாஸ், நான் கொஞ்சம் போட்டிருந்தேன், கை தவறிவிட்டது, கல் தெறித்துவிட்டது என்றாராம். பக்கத்தில் இருந்தும் சாராய வாடையே வரவில்லையே என்று பாஸுக்கே சந்தேகம். அந்தப் பேச்சுத்தான் லயத்துக்கு வந்து, அம்மா வாயால் உன் காதுக்கும் வந்தது.

நீ குவைத்துக்குப் போகும்போது மாரியம்மன் கோயிலில் பிள்ளையின் தலையில் கைவைத்து அவர் சத்தியம் பண்ணியது எனக்கும் தெரியும், அக்கா. அதற்குப் பிறகு அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. தீபாவளிக்கு மேட்டு லயத்து ஆட்கள் ஊற்றிக் கொடுத்தபோது கூட பிளேன்டீயைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் நான் சொல்வேன். நீ போனில் அவரை அத்தனை பேர் முன்னாலும் கிழித்த அன்றைக்கு நான் அதே காம்பராவில்தான் இருந்தேன். அவர் குனிந்துகொண்டு, ஆமா கலா, தப்புத்தான் கலா என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது கூட என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவருடைய சாமான் பெட்டியில் அந்த உளியைத் தேடினேன். எடுத்து ஒளித்துவிடலாம் என்றுதான் தேடினேன், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அது இல்லை. திரும்பிப் பார்த்தால் மச்சான் வாசலில் நிற்கிறார்.

"அத ஓயா ஆத்துல போட்டுட்டேன். இனி அதப் பத்தி யார்கிட்டயும் பேசாத. ஒன்ன நம்பி நாலு பேரு வாறாங்க, அந்தப் பேரக் கெடுத்துக்காத. மத்ததெல்லாம் நல்லாத்தான் செய்யிற. தலைய மட்டும் பாத்துக்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவருக்கு முதல் நாளில் இருந்தே தெரியும் என்று. கல்லோடே கிடக்கிற மனுசனுக்கு உடைந்த தலையைப் பார்த்தால் தெரியாதா? நான் அவர் காலில் விழப் போனேன். என்னைப் பிடித்து நிறுத்தி, அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது போய்ப் பார் என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கூட எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது.

நான் சும்மா இருக்கவில்லை, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு பழைய சாமானைத் தேடித் திரிந்த கால், இப்போது நான் செய்து விற்ற சாமானைத் தேடித் திரிகிறது. அரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். உளித் தலையில் அரத்தை இழுத்தால் அது கடிக்க வேண்டும். கடிக்காமல் வழுக்கினால் அந்தத் தலை உடையும். அரநாயக்கவில் ஒரு பாஸின் உளி வழுக்கியது. அவரிடம் உள்ளதைச் சொன்னேன். கெட்ட வார்த்தையால் ஏசினார், நின்று வாங்கிக்கொண்டேன். தலையைத் திரும்பப் பழுக்க வைத்துச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு உளிதான் கிடைக்கவில்லை. சந்தையில் இரத்தினபுரிப் பக்கத்து ஆள் ஒருத்தர் வாங்கினார், மாணிக்கக் குழியில் வேலை என்றார், பேர் கேட்கவில்லை. மூன்று ஞாயிறு பஸ் ஏறி அந்தப் பக்கம் குழி குழியாக விசாரித்தேன். மழைக்குக் குழியெல்லாம் தண்ணீர், ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். இன்னும் போவேன். புதிதாகச் சாமான் எடுப்பதை நிறுத்திவிட்டேன். நாநா நல்ல வாள் ஒன்று வந்திருக்கிறது என்று கூப்பிட்டார், போகவில்லை.

அக்கா, கையெழுத்துப் போடாதே. வருவதும் வராததும் உன் இஷ்டம், அங்கே உழைக்க வேண்டிய காரணம் இருந்தால் இரு. ஆனால் மச்சான் மேல் உள்ள கோபத்தில் போடாதே, அந்தக் கோபம் என் பேருக்கு வர வேண்டியது. என்னைத் திட்டு. என்னோடு பேசாமல் இரு, தாங்கிக்கொள்வேன். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசு. நான் இதை எழுதியது தெரிந்தால் அவர் கோபிப்பார். பரவாயில்லை, அவர் என் மேல் கோபப்பட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருக்கிறது.

இன்னொன்றையும் மறைத்துவிட்டேன். கண் கட்டை அவிழ்த்துவிட்டார்கள், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று உனக்குச் சொன்னது நான்தான். சரியாகாது, அக்கா. இடது கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இது தெரியாது. மச்சானுக்கும் எனக்கும்தான் தெரியும், இப்போது உனக்கும்.

நீ வீடியோவில் கூப்பிட்டால் அவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டுதான் பேசுவார். அலட்சியம் என்று நினைத்துவிடாதே. நேரே பார்க்கச் சொல்லு. நீ சொன்னால் பார்ப்பார்.

மாரியம்மன் உனக்குத் துணை இருக்கட்டும். உன் கையால் வளர்ந்தவன், மன்னிப்புக் கேட்க வாய் இல்லாதவன்,

தம்பி
ஸ்ரீதரன்